அழித்தலும் மேலெழுதுதலும்: மெமரி கார்டு பற்றிச் சங்ககிரியிலிருந்து சில குறிப்புகள்

'வரலாற்றிலிருந்து அழிக்கப்பட்டவர்கள்' என்ற தொடரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாம் எழுதியும் பேசியும் வருகிறோம். மறைக்கப்பட்ட வரலாறு, மாற்று வரலாறு, அடித்தள மக்கள் வரலாறு என்று அதற்குப் பல பெயர்கள் வைத்தோம். ஆனால் அழித்தல் என்கிற வினை எப்படி நிகழ்கிறது, அழிந்தது எங்கே போகிறது, எதுவரை அதைத் திரும்ப எடுக்க முடியும் என்று நாம் அதிகம் கேட்டுக்கொண்டதில்லை. அழித்தது அதிகாரம், மீட்பது நாம் என்று எளிதாகக் கடந்துவிட்டோம். செல்போன் கடைக்காரர் ஒருவருக்கு இந்த விஷயத்தில் நம்மைவிடத் துல்லியமான அறிவு இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு மெமரி கார்டிலிருந்து அழிந்துபோன படத்தை எடுத்துக் கொடுக்க முடியுமா முடியாதா என்று அவர் நாள்தோறும் தீர்ப்புச் சொல்லவேண்டியிருக்கிறது. அவருடைய அறிவை முன்வைத்து எங்கள் ஊர்ப்பக்கத்தின் சில நிகழ்வுகளை வாசித்துப் பார்க்கலாம். இதை உவமை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொலையா தற்கொலையா என்பதே ஒரு வன்தட்டில் உள்ள பதிவைச் சார்ந்து நிற்கும் காலத்தில் இருக்கிறோம்.

முதலில் தொழில்நுட்பம். தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1984இல் உலகுக்கு அறிவித்த ஃபிளாஷ் நினைவகம்தான் இன்றைய கார்டுகளின் அடிப்படை. மின்சாரம் போனாலும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நுண்ணிய அறைகள். 1999இல் சான்டிஸ்க், மட்சுஷிட்டா, தோஷிபா மூன்றும் சேர்ந்து எஸ்டி கார்டு என்ற வடிவத்தை அறிவித்தன. ஆனால் கார்டுக்குள் படங்களை அடுக்கும் முறை அதைவிடப் பழையது. ஃபேட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த அட்டவணை முறை 1977இல், நெகிழ்தட்டுக் காலத்தில் பிறந்தது. ஊர்ப் பதிவேடு மாதிரிதான். ஒருபக்கம் பெயர்கள்; இன்னொருபக்கம் ஒவ்வொரு பெயருக்கும் உரிய கட்டங்களின் சங்கிலி. படம் வேறு இடத்தில் கிடக்கும், அதன் பெயரும் முகவரியும் பதிவேட்டில் இருக்கும்.

நாம் 'டெலிட்' என்று அழுத்தும்போது படத்தை யாரும் தொடுவதில்லை. பதிவேட்டில் அந்தப் பெயரின் முதலெழுத்து இருந்த இடத்தில் 229 என்ற எண்மதிப்பு எழுதப்படுகிறது. 'இந்த இடம் காலி' என்பது அதன் பொருள். சங்கிலி அறுக்கப்படுகிறது. அவ்வளவுதான் சங்கதி. படம் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது, கணக்கில் மட்டும் இல்லை. கார்டை 'ஃபார்மேட்' செய்தாலும் பெரும்பாலும் இதுதான் கதை. பதிவேடு புதிதாகிறதே தவிர நிலம் உழப்படுவதில்லை. உண்மையான அழிவு பிறகு வருகிறது. அந்தக் காலி இடத்தில் புதிதாக ஒன்று எழுதப்படும்போது. அழித்தல் வேறு, மேலெழுதுதல் வேறு. இந்த வேறுபாட்டைத்தான் இக்கட்டுரை முழுக்கப் பிடித்துக்கொண்டு போக விரும்புகிறேன்.

சிறுவயதில் திருவிழாக் கடைகளில் மேஜிக் சிலேட்டு வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல. மேலே கண்ணாடித்தாள், கீழே மெழுகுப் பலகை. தாளைத் தூக்கினால் எழுதியது மறைந்துவிடும். பலகையைச் சாய்த்துப் பார்த்தால் கீறல் இருக்கும். ஃபிராய்டு 1925இல் இந்தப் பொம்மையை வைத்து மனித நினைவு பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். 1966இல் தெரிதா அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு எழுத்து, தடம் ஆகியவை பற்றிப் பேசினார். அவரே 1994இல் லண்டனில் ஆவணக் காப்பகம் பற்றி ஆற்றிய உரையில், 'ஆர்க்கைவ்' என்ற சொல் ஆட்சியாளரின் வீட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பதை நினைவூட்டினார். ஆவணம் யார் வீட்டில் இருக்கிறதோ அவருக்கே அதை விளக்கும் உரிமையும் இருக்கிறது. இதை நாம் அந்நியத் தத்துவம் என்று ஒதுக்கவேண்டியதில்லை. தாலுகா ஆபீசில் ஒரு பட்டா நகலுக்காக அலைந்தவர் யாருக்கும் தெரிந்ததுதான்.

சங்ககிரி லாரி ஊர். பக்கத்தில் திருச்செங்கோடு ஆழ்துளை ரிக் வண்டிகளுக்குப் பேர்போனது. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக்கு. வண்டியில் மாதக்கணக்காக வடக்கே போகிறவர்களும் தறியில் பன்னிரண்டு மணிநேரம் நிற்பவர்களும்தான் இங்கே மெமரி கார்டின் முதல் பயனாளிகள். "கார்டுல பாட்டு ஏத்திக் குடுங்க" என்று கடையில் வந்து நிற்பார்கள். முப்பது நாற்பது ரூபாய்க்கு இளையராஜாவும் இரண்டு படங்களும் ஏற்றிக்கொண்டு நாக்பூர் போவார்கள். அதே கார்டில்தான் பிறகு குழந்தையின் படமும் அம்மாவின் படமும் சேர்ந்தன.

புகைப்படத்தின் சமூக வரலாறு இங்கே இன்னும் எழுதப்படவில்லை. நிலமும் வண்டியும் உள்ள வீடுகளில் திருமண ஆல்பம் உண்டு. ஸ்டுடியோவில் உறையிட்டு எண்போட்ட நெகட்டிவ் உண்டு. தாத்தாவின் சட்டமிட்ட படம் நடுவீட்டில் தொங்கும். சக்கிலித் தெருவென்று ஊர் சொல்லும் தெருவில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில், செத்துப்போனவருக்கு மாலை போடத் தேடினால் ரேஷன் கார்டிலிருந்தோ வாக்காளர் அட்டையிலிருந்தோதான் படத்தைப் பெரிதாக்கவேண்டியிருந்தது. அரசு எடுத்த படம்தான் அவர்களுக்கு ஒரே படம். கேமரா வைத்த செல்போன் வந்த பிறகுதான் அந்த வீடுகளில் முதன்முறையாகத் தாங்களே எடுத்த படம் என்று ஒன்று உருவானது. அது நான்கு ஜிபி, எட்டு ஜிபி கார்டுகளில் இருந்தது. நகல் கிடையாது. ஆகவே ஒரு கார்டு கெட்டுப்போனால் இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. ஒருவருக்கு அது கடைசியாகப் போன சுற்றுலா. இன்னொருவருக்கு மொத்தக் குடும்பத்தின் ஆவணக் காப்பகம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் உட்கார்ந்திருந்தபோது தறிக்குப் போகும் பெண் ஒருவர் கார்டோடு வந்தார். பையன் விளையாட்டாக எல்லாவற்றையும் அழித்துவிட்டான். "எங்கப்பா போட்டோ இதுல மட்டுந்தானுங்க இருந்துது. வருமாங்கண்ணா?" கடைக்காரர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "அதுக்கப்புறம் இதுல ஏதாச்சும் போட்டோ எடுத்தீங்களாம்மா? பாட்டு ஏத்துனீங்களா?" இல்லை என்றதும் அவர் முகம் தெளிந்தது. கார்டைக் கணினியில் செருகி, அதிலேயே எதையும் எழுதாமல், முழுக் கார்டையும் அப்படியே ஒரு நகலாக வன்தட்டில் எடுத்துக்கொண்டார். தேடல் அந்த நகலில்தான் நடந்தது, மூலத்தில் அல்ல. இந்த ஒழுக்கம் நம் ஆய்வாளர்களில் எத்தனைபேருக்கு உண்டு என்று தெரியவில்லை. ஓலைச்சுவடியை எண்ணெய் தடவித் தடவியே கெடுத்தவர்கள் கதை நமக்குத் தெரியும்.

அவர் பயன்படுத்தியது ஃபோட்டோரெக் என்ற கட்டற்ற மென்பொருள். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதியது. அது பதிவேட்டை நம்புவதில்லை, பார்ப்பதுகூட இல்லை. நிலத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை அடி அடியாக நடந்து போகிறது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216 என்ற இரு எண்களில் தொடங்கி 255, 217 என்ற இரு எண்களில் முடியும். தொடக்கத்தைக் கண்டால் 'இங்கே ஒரு படம் இருந்திருக்கிறது' என்று அகழ்ந்து எடுக்கிறது. அட்டவணை இல்லாமல், உடலின் அமைப்பை வைத்தே ஆளை அடையாளம் காண்பது. நல்ல களஆய்வாளன் செய்வதும் இதுதானே!

அன்று இருநூற்றுச் சொச்சம் படங்கள் வந்தன. பாதிக்குமேல் முழுசாக இல்லை. சிலவற்றில் மேல்பாதி முகம், கீழே சாம்பல் பட்டை. துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்ட படத்தில் சங்கிலி அறுந்தால் ஒருவர் தலைக்குக் கீழே இன்னொருவர் கல்யாணப் பந்தல் ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, மீண்டுவந்த எந்தப் படத்துக்கும் பழைய பெயர் இல்லை. எஃப் என்ற ஒரு எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும் மட்டுமே. கேமரா எழுதிய நேரக்குறிப்பு படத்துக்குள்ளேயே இருந்தால் தேதி தெரியும். வாட்ஸப் வழியாக வந்த படமென்றால் அதுவும் உரிக்கப்பட்டிருக்கும். அந்தப் பெண் திரைமுன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்: "இது கொல்லிமலை போனப்ப… இது எங்க பெரியம்மா ஊடு… இது ஆருன்னு தெரியலீங்க." மென்பொருள் மீட்டது புள்ளிகளை. படமாக்கியது அவர் வாய்மொழி. மீட்டெடுப்பு என்று நாம் கொண்டாடுவதில் இந்த இரண்டாம் பாதி எப்போதும் விடுபட்டுப் போகிறது.

இனி மலைக்கு வருவோம். சங்ககிரிக் கோட்டையில் 1805 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலை கம்பெனியாரால் தூக்கிலிடப்பட்டார். ஒவ்வோர் ஆடிப்பெருக்குக்கும் கொடிகட்டிய கார்கள் வரிசையாக இந்த ஊருக்கு வருகின்றன. கம்பெனிக்கு அவர் கலகக்காரர். காலனிய அழிப்பிலிருந்து அவர் பெயர் மீட்கப்பட்டது நியாயமே; அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மீட்கப்பட்ட அந்த இடத்தில் பிறகு என்ன எழுதப்பட்டது? பல சாதியாரும் கலந்திருந்த ஒரு படையின் தலைவன், ஒரு சாதியின் குலமுதல்வனாக ஆனான். அவரோடு நின்ற பொல்லான் என்கிற அருந்ததியர் போராளியை வாய்மொழி மரபு மறக்கவில்லை, பதிவேடுதான் மறந்தது. மிக அண்மையில்தான், அருந்ததியர் அமைப்புகள் தொடர்ந்து கேட்டதன் பேரில், ஈரோடு மாவட்டத்தில் பொல்லானுக்கு மணிமண்டபம் கட்ட அரசு முன்வந்தது. இருநூறாண்டு. அந்தப் பெயர் அழிந்தல்ல, கணக்கில் இல்லாமல் கிடந்தது. அதைச் சொல்லிக்கொண்டிருந்த வாய்கள் இருந்ததால் மேலெழுதப்படாமல் தப்பியது.

சின்னமலையின் பெயரையே தாங்கிய ஒரு சாதிப் பேரவையின் நிறுவனர்தான் 2015இல் இந்த வட்டாரத்தின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுசென்றார். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர், பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலுக்குத் தன் தோழியோடு போனார். தோழி கவுண்டர் சாதிப் பெண். யுவராஜ் தலைமையிலான கும்பல் அவரைக் கடத்தியது. மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் தலை துண்டான உடல் கிடந்தது.

இங்கேதான் நம் வேறுபாடு முக்கியமாகிறது. கொலையாளிகள் அவரை அழித்ததோடு நிற்கவில்லை, மேலெழுதினார்கள். தற்கொலை செய்துகொள்வதாக அவர் கையாலேயே ஒரு குறிப்பு எழுத வைக்கப்பட்டது. அதையே அவர் வாயால் சொல்லவைத்து செல்போனில் பதிவும் செய்யப்பட்டது. தண்டவாளத்தில் உடல், சட்டையில் கடிதம், கையில் வீடியோ. காதல் தோல்வி, தற்கொலை, முடிந்தது. இரண்டாண்டுகளுக்கு முன்தான், 2013 ஜூலை 4 அன்று, தருமபுரியில் இளவரசனின் உடல் ரயில் பாதையோரம் கிடந்ததை நாம் பார்த்திருந்தோம். தண்டவாளம் என்ற இடமே ஒரு கதையைத் தயாராக வைத்திருந்தது. படம் இருக்கிறது என்பதாலேயே அது உண்மை என்று எண்ணுகிறவர்கள், மிரட்டி எடுக்கப்பட்ட அந்தப் பதிவை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். கொல்லப்பட்டவனின் முகமும் குரலும்தான் அதில் இருந்தன. சொற்கள் வேறொருவருடையவை.

மேலெழுதுதலை முறியடித்தவற்றில் முக்கியமானது கோயிலின் கண்காணிப்புக் கேமரா. அன்று அங்கே யார் யார் இருந்தார்கள் என்பது வன்தட்டில் இருந்தது. இத்தகைய கருவிகள் சுழற்சி முறையில் இயங்குபவை: இடம் தீர்ந்ததும் பழையதன்மேல் புதியது எழுதப்படும். ஆகவே கேமரா இருந்ததா என்பதைவிட, சுழற்சி திரும்பி வருமுன் அந்த வன்தட்டைக் கைப்பற்றினார்களா என்பதே கேள்வி. தாயும் அமைப்புகளும் உடலை வாங்க மறுத்து முதல் நாட்களிலேயே இது கொலை என்று நின்றார்கள். அந்த அவசரக் கூச்சலுக்கு ஒரு தொழில்நுட்ப மதிப்பு இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. நிதானமாகக் கோரிக்கை மனு எழுதிக்கொண்டிருந்தால் சுழற்சி முடிந்திருக்கலாம்.

யுவராஜ் மாதக்கணக்கில் தலைமறைவாக இருந்தபடி வாட்ஸப்பில் குரல்பதிவுகளைப் பரப்பினார். 2015 அக்டோபர் 11 அன்று நாமக்கல்லில் சரணடைந்தார். வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டது. நீதிமன்றத்தில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். உடன் சென்ற தோழியே பதிவில் இருப்பது தான் இல்லை என்றார். அவரைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. இந்தப் பக்கத்தில் அந்த வயதுப் பெண் எந்த வீட்டில், யார் நடுவில் வாழவேண்டியிருக்கிறது என்பது தெரிந்தவர்கள் பழிக்கமாட்டார்கள். மனித நினைவை அச்சத்தால் மேலெழுத முடியும். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் 2023 ஜனவரியில் தாங்களே மலையேறிக் கேமரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். பதிவுக்கு அதன் இடத்தைத் திருப்பிக் கொடுத்த செயல் என்று இதைச் சொல்வேன். கடையில் அந்தப் பெண் 'இது பெரியம்மா ஊடு' என்று சொன்னதுபோல. 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது.

இதற்கு நேரெதிர் சாத்தான்குளம். 2020 ஜூன் 19 இரவு ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடிக்கப்பட்ட காவல் நிலையத்திலும் கேமரா இருந்தது. விசாரிக்கப்போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்குத் தந்த அறிக்கையில், வன்தட்டில் ஒரு டெராபைட் இடம் இருந்தும் பதிவுகள் அன்றாடம் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததையும், 19ஆம் தேதியிலிருந்து பதிவு எதுவும் இல்லாததையும் குறிப்பிட்டார். அழிக்கும் விரல் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு முறை அமைத்துவிட்டால் போதும், மறதி தானே வேலைசெய்யும். ஃபூக்கோ இருந்திருந்தால் அந்த அமைப்புப் பட்டியலைத்தான் முதலில் பார்த்திருப்பார். அங்கே தட்டு மறந்ததை ஒரு பெண் தலைமைக் காவலர் நினைவு வைத்திருந்து நடுவரிடம் சொன்னார். திருச்செங்கோட்டில் ஆள் பிறழத் தட்டு நின்றது; சாத்தான்குளத்தில் தட்டு பிறழ ஆள் நின்றார். இரண்டில் ஒன்றை மட்டும் நம்பு என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு ஊர்களையும் காட்டலாம். அதே 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்துப் பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு காக்கவேண்டும் என்று ஆணையிட்டது. ஆணை இருக்கிறது. தட்டுகள் எந்த அமைப்பில் ஓடுகின்றன என்று போய்ப் பார்ப்பது நம் வேலை.

மீட்பை இவ்வளவு புகழ்ந்தபின் ஒரு மறுப்பையும் எழுதவேண்டும். அழிக்கவேண்டும் என்று விரும்புவதும் ஒடுக்கப்பட்டவரின் உரிமையாக இருக்கலாம். 2019இல் வெளிவந்த பொள்ளாச்சிக் கொடுமையில் வீடியோக்கள்தான் ஆயுதம். அவை இருக்கின்றன என்ற மிரட்டலிலேயே பெண்கள் மீண்டும் மீண்டும் வதைக்கப்பட்டார்கள். குற்றவாளிகளின் கருவிகளிலிருந்து எடுக்கப்பட்ட அதே காட்சிகள் பிறகு சான்றாக நின்றன. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. சான்றுக்காகக் காக்கவேண்டிய படத்தையே உலகத்திலிருந்து இல்லாமலாக்கவும் வேண்டும். இந்த முரணுக்கு எளிய விடை இல்லை. மெமரி கார்டின் உள்ளடக்கம் சட்டப்படி ஓர் ஆவணம் என்று 2019 நவம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கிலும் இதே சிக்கல்தான்: குற்றம் சாட்டப்பட்டவர் பார்க்கலாம், ஆனால் நகல் தரப்படாது என்று முடிவானது. பெயரிடுவதை மேலே பெருமையாகச் சொன்னேன். பொள்ளாச்சியில் அரசாணையே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை அச்சிட்டு வெளியிட்டது. பதிவேட்டில் பெயர் ஏறுவதே வன்முறையாக மாறும் இடமும் உண்டு.

தோழர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு தரப்படும் சான்றிதழில் 'ஹாஷ்' மதிப்பும் குறிக்கப்படவேண்டும். கோப்பின் ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும் கைரேகை அது. ஆகவே உண்மை அறியும் குழுவாகப் போகிறவர்கள் படம் எடுத்த கார்டை வெட்டி ஒட்டி அழகுபடுத்தாமல் அப்படியே கழற்றி வைப்பது நல்லது. பெரிய எஸ்டி கார்டின் பக்கவாட்டில் ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கும். அதை இழுத்துவிட்டால் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும். போலீஸ்காரர் பிடுங்கிப் படங்களை அழித்துவிட்டால் அந்தக் கார்டில் அதன்பிறகு ஒரு படமும் எடுக்கக்கூடாது. ஆனால் இந்த நம்பிக்கையெல்லாம் தனிக் கார்டுக்குத்தான். இப்போதைய செல்போன்களின் உள் நினைவகம் மறையாக்கம் செய்யப்பட்டது. குப்பைக்கூடையில் அது தங்கும் முப்பது நாள் போனால், கடைக்காரரின் வித்தை எதுவும் அங்கே பலிக்காது. தனிக் கார்டு போடும் இடமே பல செல்போன்களில் இல்லாமல் போயிற்று. படங்கள் எங்கோ உள்ள கம்பெனிச் சேமிப்பகங்களுக்குப் போகின்றன. மறுபடியும் ஆட்சியாளர் வீட்டுக்கு.

இன்னொன்று. ஃபிளாஷ் அறைகளில் பிடித்துவைத்த மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசியும். யாரும் அழிக்காமல், யாரும் மேலெழுதாமல், இழுப்பறையில் கிடந்தபடியே கார்டு மறந்துகொண்டிருக்கும். பத்தாண்டு என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. வெயிலில் இன்னும் குறையும். நம் ஊர் வெயில் தெரியும். 2013இல் தருமபுரியிலும் 2015இல் ஓமலூரிலும் நாமக்கல்லிலும் நடந்த கூட்டங்கள், மறியல்கள், இறுதி ஊர்வலங்களில் எடுத்த படங்கள் பலருடைய கார்டுகளில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கணக்கு அவற்றுக்கு முடிந்துவிட்டது. இந்த வாரமே வெளியே எடுத்து இரண்டு நகல் போட்டு, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். படத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு.